குதிரைக்கு ரெண்டு பக்கம், வியாதிக்கு அரை வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல, கனடாவுல இருந்து பிரேசிலுக்கு குதிரைப் பயணம் போன பிரேசில்காரர் ஃபிலிப்பே மசெட்டி லெய்ட்டே பத்தி வந்த கட்டுரை படிச்சேன். படிக்க ஜோரா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. கரடி வந்துச்சு, பனி வந்துச்சு, பாலைவனம் வந்துச்சு, குதிரைங்க பேரு ஃப்ரெஞ்சி, ப்ரூஸர், ட்யூட்னு எல்லாம் வந்துச்சு. ஆனா மனுஷன் எதுக்கு இவ்வளவு தூரம் போனார்ங்கறதுக்கு கடைசி பாராவுல "புற்றுநோய் விழிப்புணர்வுக்காகவும்"னு அரை வரி, அதுலயும் ஒரு "உம்" போட்டு முடிச்சிட்டீங்க. எந்த புற்றுநோய், யாருக்கு, பணம் எங்க போச்சு, ஒண்ணும் இல்ல. நான் குழந்தைங்க கேன்சர் வார்டுல நர்ஸா இருக்கேன், அதான் இது கொஞ்சம் உறுத்துது.

முதல்ல ஒரு சின்ன திருத்தம். கனடாவுல கால்கரியில இருந்து பிரேசில் வரைக்கும் "முழுக்க முழுக்க குதிரையில"ன்னு போட்டிருக்கீங்க. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவுல டேரியன்னு ஒரு காடு, அங்க ரோடே கிடையாது, அதனால குதிரைங்கள விமானத்துல ஏத்தித்தான் தென் அமெரிக்காவுக்கு கொண்டு போனாங்க. இதனால அவர் பெருமை ஒண்ணும் குறையாது, சரியா இருக்கட்டுமேன்னு சொல்றேன்.

2012 ஜூலையில கிளம்பி 2014 ஆகஸ்ட்ல போய் சேர்ந்த அந்த முதல் பயணம் அடிப்படையில அவரோட சின்ன வயசு கனவுதான். சிஃபெலின்னு ஒரு சுவிஸ்காரர், அர்ஜென்டினாவுல ஸ்கூல் வாத்தியார், 1925ல பியூனஸ் அயர்ஸ்ல இருந்து ரெண்டு குதிரையோட கிளம்பி 1928ல நியூயார்க் வரைக்கும் போனவர், அந்த கதைய அப்பா சொல்லி சொல்லி பையனுக்கு பைத்தியம் புடிச்சிருச்சு. அதுக்கு அப்புறம் பிரேசில்ல பாரெட்டோஸ்ங்கற ஊர்ல இருந்து அர்ஜென்டினாவோட தெற்கு கோடியில இருக்கற உஷுவாயா போனது, 2019ல அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ்ல இருந்து கிளம்பி 2020 ஜூலையில கால்கரி வந்து முடிச்சது, இந்த ரெண்டுலயும் பாரெட்டோஸ் குழந்தைகள் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டறதுதான் வெளிப்படையான நோக்கம். கடைசியா வந்து சேர்ந்தப்ப கொரோனாவால கால்கரியில வருஷா வருஷம் நடக்கற ஸ்டாம்பீட்ங்கற ரோடியோ (குதிரை, காளை மேல ஏறி அடக்கற போட்டி) திருவிழாவே ரத்து, ஊர்வலத்துக்கு தலைமை தாங்க வேண்டியவர் இவர்தான், ஊர்வலமே இல்ல, பாவம்.

அந்த ஆஸ்பத்திரி பத்தி நீங்க ஒரு பாரா எழுதியிருந்தா கட்டுரையே வேற மாதிரி ஆயிருக்கும் சார். பாரெட்டோஸ் சாவ் பாலோ மாநிலத்துல உள்ள தள்ளி இருக்கற ஊரு, மாட்டுப் பண்ணைக்காரங்க ஊரு, 1956ல இருந்து வருஷா வருஷம் ஆகஸ்ட்ல பெரிய ரோடியோ திருவிழா நடக்கும். அங்க போய் நாட்டுலயே பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு, நோயாளிகிட்ட காசே வாங்காம நடக்குது. அரசாங்கம் குடுக்கறது பத்தாது, துண்டு விழறத நன்கொடையிலதான் சமாளிக்கறாங்க. பண்ணைக்காரங்க கன்னுக்குட்டிய ஏலத்துக்கு குடுக்கறாங்க, ஏலத்துல வர்ற பணம் ஆஸ்பத்திரிக்கு, நாட்டுப்புற பாடகர்கள் கச்சேரி வச்சு குடுத்திருக்காங்க, கட்டடங்களுக்கு அவங்க பேரே வச்சிருக்காங்க. நடத்தற ஹென்ரிக்கே ப்ராட்டாவே மாட்டுப் பண்ணைக்காரர்தான், ஆரம்பிச்சது டாக்டரா இருந்த அவங்க அப்பா. இப்ப சொல்லுங்க, அந்த ஊருக்கு நிதி கேட்டு ஒருத்தர் குதிரையில போறதுல ஸ்டன்ட் ஏதாவது இருக்கா? அந்த ஊர் பாஷையே குதிரைதான்.

"இந்த செலவுக்கு பேசாம பணத்தையே குடுத்திருக்கலாமே"ன்னு எங்க வார்டுல ஒரு அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா யோசிச்சு பாருங்க, கார்ல போறவன் பெட்ரோல் போட்டுட்டு போயிட்டே இருப்பான். குதிரைக்காரன் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனாலே பெருசு, சாயங்காலம் ஆனா புல்லு வேணும், தண்ணி வேணும், லாடம் கழண்டா அடிக்க ஆள் வேணும், யார் வீட்டு கதவையாவது தட்டித்தான் ஆகணும். தட்டினா எங்க இருந்து வர்றே எதுக்கு போறேன்னு கேக்காம யாரு விடுவா? பதில் சொன்னா அங்க ஒரு குடும்பம் உக்காந்து கேக்கும். மெதுவா போறதுனாலதான் இது நடக்குது. நம்ம ஊர்ல காலைல ஆறு மணிக்கு பீச்ல டி-ஷர்ட் குடுத்து, ஃப்ளெக்ஸ் முன்னாடி ஒரு போட்டோ, எட்டு மணிக்கு பொங்கல் வடையோட கலைஞ்சு போற வாக்கத்தான்ல யாரு யார்கிட்ட என்ன கேட்டாங்க?

ஆனா கேக்கற குடும்பத்துக்கு சொல்றதுக்கு விஷயம் இருக்கணும், உங்க கட்டுரையில விட்டுப்போனது அதுதான். உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 4 லட்சம் குழந்தைங்களுக்கும் டீன் ஏஜ் பிள்ளைங்களுக்கும் கேன்சர் வருது. பணக்கார நாடுகள்ல நூத்துக்கு எண்பதுக்கு மேல பொழைக்குதுங்க, ஏழை நாடுகள் பலதுல முப்பது கூட இல்ல. மருந்து, பணம், பாதியில சிகிச்சைய விட்டுட்டு போறதுன்னு காரணம் நிறைய, அதுல பெரிய காரணம் ஒண்ணு லேட்டா வர்றது.

எங்க வார்டுக்கு வர்ற அம்மாங்க சொல்றது கிட்டத்தட்ட ஒரே கதைதான். காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு, வைரல்னு சொன்னாங்க. வெளுத்து போச்சு, அயர்ன் டானிக் குடுத்தாங்க. கால் வலிக்குதுன்னு நொண்டினான், விளையாடி அடிபட்டிருக்கும்னு நெனச்சோம். அடியே படாம தொடையில நீலம் நீலமா தடிச்சு இருந்துச்சு, மந்திரிச்சு கயிறு கட்டினோம். ஒவ்வொண்ணா பாத்தா சாதாரணம்தான், எல்லாம் சேர்ந்து ரெண்டு மூணு வாரமா விடாம இருந்தா ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லி கேக்கணும், அவ்வளவுதான். எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டறப்ப வயித்துல ஒரு பக்கம் கட்டியா கையில தட்டுப்பட்டதுன்னு ஒரு பாட்டி தூக்கிட்டு வந்தாங்க, கிட்னில கட்டி, சீக்கிரம் வந்ததால ஆபரேஷன் பண்ணி இப்ப அந்தப் பொண்ணு ஸ்கூல் போகுது. செல்போன்ல ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா பூனைக் கண்ணு மாதிரி மின்னினா அதை அழகுன்னு ஸ்டேட்டஸ் போடாம அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, அது விழித்திரை கட்டியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், பாத்துட்டு இல்லைன்னு சொன்னா நல்லதுதானே.

செப்டம்பர் மாசம் குழந்தைங்க கேன்சருக்கான மாசம். அந்த இதழ்ல இந்த அறிகுறிகள மட்டும் ஒரு கட்டம் கட்டி போடுங்க சார், ரெண்டு பக்கம் எல்லாம் வேண்டாம், கால் பக்கம் போதும். எழுத ஆள் இல்லைன்னா நானே எழுதி எங்க டாக்டர்கிட்ட காட்டி சரி பார்த்து அனுப்பறேன். மேல குதிரை படம் வேணும்னாலும் போட்டுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருத்தி, சென்னை