ஹாம்லெட்டுக்குப் பைத்தியமா இல்லையா என்பதை ஒரு மார்க்கில் தீர்த்துவைத்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய வினாத்தாள் குழுவினருக்கும், விடைக்குறிப்பில் கையெழுத்துப் போட்ட மூத்த பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். எந்தத் தேர்வு, எந்தத் தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மதிப்பீட்டு முகாமில் எழுந்த முணுமுணுப்பு உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், அப்பாவைக் கொன்ற சித்தப்பனைப் பழிவாங்க வேண்டிய டென்மார்க் இளவரசனின் கதை. பகுதி அ, ஏழாவது கேள்வி. ஹாம்லெட்டின் பைத்தியம் எத்தகையது? உண்மையானது, நடிப்பு, பரம்பரையாக வந்தது, காதலால் வந்தது என்று நான்கு விடைகள் கொடுத்து, நடிப்பு என்பதுதான் சரி என்று விடைக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். நானூறு வருஷமாக இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு யாராவது தகவல் சொல்லிவிட்டால் நல்லது, பாவம், அவர்களுக்கும் ஓய்வு வேண்டுமே.

அந்த விடைக்குறிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் மாணவி ஒருத்தி அந்தக் கேள்விக்கு முதல் இரண்டு விடைகளையும் வட்டமிட்டு, பக்கத்தில் சின்னதாக "இரண்டும்" என்று எழுதிவிட்டு வந்தாள். பூஜ்யம். சரி, ஒரு மார்க் கேள்வியில் அப்படிச் செய்தது அவள் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே விஷயத்தை ஐந்து மார்க்கிலும் கேட்டிருந்தீர்கள், உண்மையா நடிப்பா, நாடகத்திலிருந்து சான்று தந்து நிறுவுக என்று. அதற்கு அவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். கிடைத்தது ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில் "முன்னுக்குப் பின் முரண்". தாள் 75க்கு, தேர்ச்சிக்கு 30 வேண்டும், அவள் 28. விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டினாள். அவள் அம்மா விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறவர், அவருடைய ஒரு வாரக் கூலியில் பாதி அதற்கே போய்விட்டது. மறுமதிப்பீட்டில் வந்த பதில் "மாற்றமில்லை". வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண் அவள், மற்ற தாள் எல்லாம் தேறிவிட்டாள், ஹாம்லெட் மட்டும் அரியர்.

அந்த நகலை நான் மூன்று தடவை படித்தேன். இலக்கணப் பிழை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் பார்த்ததை எத்தனை பேர் பார்த்திருப்போம் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் விடைக்குறிப்புக்கு ஆதாரம் எது என்று எனக்குத் தெரியும். முதல் அங்கத்தின் கடைசியில், செத்துப்போன அப்பாவின் ஆவி வந்து போன பிறகு, நண்பன் ஹொரேஷியோவையும் காவலன் மார்செல்லஸையும் ஹாம்லெட் வாளின் மேல் சத்தியம் செய்யச் சொல்கிற இடம். இனி நான் ஒருவேளை கிறுக்கன்போல நடந்துகொள்ள நேரிடலாம், அப்போது விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள் என்கிறான். எல்லா கைடிலும் இந்த இடம் தடித்த எழுத்தில் இருக்கும். அவளும் இதைத்தான் முதலில் எழுதியிருக்கிறாள். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் அடுத்து ஒன்று கேட்கிறாள்: இந்த வேஷம் முதன்முதலாக அரங்கேறியது எங்கே? ராஜா முன்னாலா, அரசவையிலா? இல்லை. அவன் காதலித்த ஒஃபீலியாவின் அறையில். மேலங்கி திறந்து கிடக்க, காலுறை அழுக்காகிக் கணுக்காலில் சரிந்து தொங்க, முகம் சட்டை மாதிரி வெளுத்து, முழங்கால் இரண்டும் இடிக்க வந்து நிற்கிறான், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தையே வெகுநேரம் பார்க்கிறான், ஒரு வார்த்தை பேசாமல் உடம்பே நொறுங்குகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தபடியே வெளியே போகிறான். வேவு பார்க்க அங்கே ஒரு பகைவனும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், நாமும் அங்கே இல்லை. அந்தக் காட்சி மேடையில் நடப்பதே இல்லை, பயந்துபோன ஒரு பெண் தன் அப்பாவிடம், ராஜாவின் மந்திரி பொலோனியஸிடம், ஓடிவந்து சொல்வதாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. பார்க்காத ஒன்றை நடிப்பு என்று எப்படிச் சொல்வது என்று இந்த இடத்தில் அவள் கேட்டிருக்கிறாள். அந்த வரிக்குக் கீழேதான் சிவப்புக் கோடு.

அப்புறம் ஐந்தாம் அங்கத்துக்குப் போகிறாள். வாள் போட்டிக்கு முன்னால் ஹாம்லெட் பொலோனியஸின் மகன் லெயர்ட்டீஸிடம் மன்னிப்புக் கேட்கிறான் இல்லையா, உனக்குத் தீங்கு செய்தது நானல்ல, என் பைத்தியம், அது எனக்கும்தான் எதிரி என்று. ஆனால் தன் அம்மா கெர்ட்ரூடின் அறையில், பொலோனியஸைக் குத்திய ரத்தம் காய்வதற்குள், நான் நிஜத்தில் பைத்தியமில்லை, தந்திரத்துக்காகத்தான் பைத்தியம் என்று கெர்ட்ரூடிடம் சொன்னவனும் இவன்தானே. இரண்டில் ஒன்று பொய். நடிப்பு என்ற உங்கள் விடை சரியென்றால், அப்பாவைக் கொன்றுவிட்டு அந்த மகனிடமே, ஊர் கூடியிருக்கும்போது, பொய் சொல்லி மன்னிப்பு வாங்குகிறவன் நம் கதாநாயகன். ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-லேயே இந்த இடத்தில் முகம் சுளித்தார், நல்லவன், வீரன் என்று பெயரெடுத்தவன் பொய்க்குப் பின்னால் ஒளியலாமா என்று. ஜான்சன் பெயர்கூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவர் வந்து நின்ற இடத்துக்கு அவள் தனியாக நடந்தே வந்து சேர்ந்திருக்கிறாள், நீங்கள் அதற்கு ஒரு மார்க் போட்டிருக்கிறீர்கள்.

ஜான்சன் இன்னொன்றும் சொன்னார், இந்தப் பைத்திய வேஷத்துக்குப் போதுமான காரணமே நாடகத்தில் இல்லை, புத்தி தெளிந்தவன் என்ற பெயரோடு செய்ய முடியாத எதையும் ஹாம்லெட் இதனால் செய்துவிடவில்லை என்று. மூலக்கதையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சுமார் 1200-இல் சாக்ஸோ கிராமாட்டிகஸ் எழுதிய டேனிஷ் வரலாற்றில் வருகிற ஆம்லெத்துக்கு வேஷம் தேவைப்பட்டது. அங்கே சித்தப்பன் செய்த கொலை ரகசியமே இல்லை, மகன் வளர்ந்து பழி வாங்குவான் என்று அவனுக்குத் தெரியும், அதனால் புழுதியில் புரண்டு உளறித் திரிந்தால்தான் பையனுக்கு உயிர் தங்கும். ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டார். காதில் விஷம், ஊருக்குப் பாம்பு கடித்த கதை. இப்போது வேஷம் போட்டால் சந்தேகம்தான் கூடும், கூடுகிறது, உளவு பார்க்கப் பழைய நண்பர்களையே வரவழைக்கிறார்கள். தேவையான காரணத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேஷத்தை மட்டும் வைத்துக்கொண்டார் என்றால், அந்த ஆளுக்கு உங்கள் ஏழாவது கேள்வி நன்றாகவே தெரிந்திருக்கிறது, விடையைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை எழுதும்போது எனக்குப் பொலோனியஸ் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நாடகத்திலேயே கையில் விடைக்குறிப்போடு அலைகிற ஆள் அவர்தான். காதல் பைத்தியம் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டார், அதற்குப் பிறகு ஹாம்லெட் என்ன உளறினாலும் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு டிக் போடுகிறார். மீன்காரன் என்று திட்டினாலும் டிக். மேகத்தைக் காட்டி ஒட்டகம் என்றால் ஒட்டகம், மரநாய் என்றால் மரநாய், திமிங்கிலம் என்றால் திமிங்கிலம்தான் ஐயா என்கிறார். ஆனால் கொலைகாரச் சித்தப்பன் கிளாடியஸ் ஒளிந்திருந்து கேட்டுவிட்டு என்ன சொன்னான்? அவன் பேச்சில் கொஞ்சம் ஒழுங்கு இல்லைதான், ஆனாலும் அது பைத்தியம் மாதிரி இல்லை என்றான். உடனே உண்மை, நடிப்பு என்று எதையும் வட்டமிடவில்லை, உள்ளே ஏதோ அடைகாக்கிறது, ஆபத்து என்று மட்டும் புரிந்துகொண்டான். மதிப்பீட்டாளராக அவனைப் போட்டிருந்தால் என் மாணவி தேறியிருப்பாள்.

இன்னொரு விஷயம். அம்மாவின் அறையில் ஆவி மறுபடி வருகிறது, இந்தத் தடவை ஹாம்லெட்டுக்கு மட்டும் தெரிகிறது, கெர்ட்ரூட் வெறும் காற்றைப் பார்க்கிறாள். முதல் அங்கத்தில் காவலர்கள்கூடப் பார்த்த ஆவி அது. உனக்குப் பித்து என்கிறாள் அம்மா. என் நாடியைப் பிடித்துப் பார், உன்னுடையதைப் போலவே சீராக ஓடுகிறது, வேண்டுமானால் சோதித்துக்கொள், சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், பைத்தியத்தால் அது முடியாது என்கிறான் மகன். சொன்னதை மாறாமல் திருப்பி ஒப்பிப்பவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது! நம் செமஸ்டர் முறைக்கு டென்மார்க்கில் அப்போதே அடிக்கல் நாட்டிவிட்டார்கள்.

அந்த ஆவி இருக்கிறதா இல்லையா என்பதையே மேடை ஒவ்வொரு தடவையும் புதிதாக முடிவு செய்துகொள்கிறது. 1980-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஜோனதன் பிரைஸ் ஹாம்லெட்டாக நடித்தபோது ஆவிக்குத் தனி நடிகரே இல்லை, ஆவியின் குரல் ஹாம்லெட்டின் வயிற்றுக்குள்ளிருந்தே கிளம்பி வந்தது. நம் பக்கத்திலேயே, பம்மல் சம்பந்த முதலியார் இதை அமலாதித்யன் என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்து பல தலைமுறை ஆகிவிட்டது. இந்த வேஷம் கட்டிய எந்த நடிகரும் ஒத்திகையில் இந்தக் கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்காமல் தப்பியிருக்க முடியாது.

அவள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பத்தி. ஒஃபீலியாவுக்கு வந்தது உண்மைப் பைத்தியம், அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, ஏனென்றால் அதனால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை, பாட்டும் பூவும்தான், கடைசியில் தண்ணீரில் மூழ்கிச் சாவு. ஹாம்லெட்டுக்கு வந்தது வேறு என்று சொல்லிவிட்டு, எங்கள் பாட்டி இதைப் "பித்தம் தலைக்கேறியது" என்பார் என்று ஆங்கிலத்தில் எழுதத் திணறி எழுதியிருக்கிறாள். மதிப்பிட்டவர் சிரித்திருப்பார் போல, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. ஐயா, ஷேக்ஸ்பியர் காலத்து வைத்தியமும் அதைத்தானே சொன்னது? மெலங்கலி என்ற சொல்லுக்கே கரும்பித்தம் என்றுதான் பொருள். ஹாம்லெட் தன் வாயாலேயே, என் பலவீனத்தையும் மெலங்கலியையும் பயன்படுத்திச் சாத்தான் என்னை ஏமாற்றுகிறானோ என்று தனியாக இருக்கும்போது பயப்படுகிறான். யாரும் கேட்காத தனிமொழி, அங்கே யாருக்காக நடிப்பு? விமர்சகர் பிராட்லி 1904-இல் தன் வாதத்தை முழுக்க இந்த மெலங்கலியின் மேல்தான் கட்டினார், கவிஞர் எலியட் 1919-இல் இது பைத்தியத்தைவிடக் குறைவு, நடிப்பைவிட அதிகம் என்றார். உங்கள் நான்கு விடைகளில் இதற்கு இடமே இல்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு பேசுகிறேனே, நானும் யோக்கியன் இல்லை. அந்த முகாமில் நானும் உட்கார்ந்திருந்தேன். இவள் தாள் என்னிடம் வரவில்லை, ஆனால் இதே விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் "உண்மையானது" என்று வட்டமிட்டிருந்ததற்கு என் கையாலேயே பூஜ்யம் போட்டேன். தப்பு என்று தெரியும். எழுந்து சொல்லவில்லை. மதியத்துக்குள் கட்டு முடிய வேண்டும், அடுத்த வருஷமும் என்னைக் கூப்பிட வேண்டும், சம்பளம் வேறு சில மாதம் வந்து சேரவில்லை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள், அன்றைக்கு அந்த ஹாலில் எத்தனை பேர் எந்த வகை என்று நான் எண்ணவில்லை.

இலக்கியத்துக்கு எதற்கு இந்த நான்கு விடைக் கேள்வி, கைடு போடுகிறவர்களுக்கும் பாடத்திட்டத்துக்கும் என்ன உறவு, ஐந்து அங்க நாடகத்தை எத்தனை மணி நேரத்தில் நடத்தி முடிக்கச் சொல்கிறீர்கள், நூலகத்தில் நாடகத்தின் மூலப்பிரதி ஒன்றுகூட இல்லாமல் அதே நாடகத்திலிருந்து "சான்று தந்து நிறுவுக" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்... சரி, விடுங்கள். அதற்கெல்லாம் தனி மடல் எழுத வேண்டும், எழுதினால் எனக்கும் பைத்தியம் என்பீர்கள், உண்மையா நடிப்பா என்று கேட்டு ஒரு மார்க்கும் வைப்பீர்கள்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன், தாழ்மையாகவே. ஏழாவது கேள்விக்கான விடைக்குறிப்பைத் திரும்பப் பெற்று, அந்தக் கேள்வியை எழுத முயன்ற எல்லோருக்கும் அந்த ஒரு மார்க்கைக் கொடுங்கள். கேள்வியில் பிழை இருந்தால் அப்படிச் செய்வது வழக்கம்தானே, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து மார்க் விடைகளில் உண்மை, நடிப்பு, இரண்டும், இரண்டுமில்லை என்று எதை எழுதியிருந்தாலும், நாடகத்திலிருந்து சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மறுபடி திருத்தச் சொல்லுங்கள். அவளுக்குக் கருணை மதிப்பெண் வேண்டாம், அவளே அதைச் சொல்லச் சொன்னாள்.

அரியர் தேர்வுக்குப் பணம் கட்ட அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டுவதா வேண்டாமா என்று கேட்டு நேற்றும் அவள் அம்மா போன் செய்தார், இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு வரி பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் விடைக்குறிப்பை வைத்து அன்று தாள் திருத்திய ஒரு கௌரவ விரிவுரையாளர்