அக்ரிப்பாவை ஆக்டியத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

தமிழில் உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கும், அதை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ரோம் என்றதும் சீசரைச் சொல்கிறோம், அகஸ்டஸைச் சொல்கிறோம், ஆண்டனி-கிளியோபாட்ரா கதையை ஆசை ஆசையாகச் சொல்கிறோம். அகஸ்டஸுக்குப் போர்களை வென்றுகொடுத்த மார்க்கஸ் அக்ரிப்பாவுக்குக் கிடைப்பது ஒரே வரி: கி.மு. 31இல் ஆண்டனியையும் எகிப்தின் அரசி கிளியோபாட்ராவையும் தோற்கடித்த ஆக்டியம் கடற்போரில் படை நடத்தியவர். அதோடு சரி. அந்த வரியைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஆக்டியத்துக்கு முன்பே அவர் பெரிய வேலை செய்திருந்தார். சிசிலியில் உட்கார்ந்துகொண்டு ரோமுக்குப் போகும் தானியக் கப்பல்களை மறித்தவர் செக்ஸ்டஸ் பாம்பே. அவரை எதிர்க்க அகஸ்டஸிடம் நல்ல கடற்படை இல்லை. அக்ரிப்பா நேப்பிள்ஸ் பக்கமுள்ள அவெர்னஸ், லுக்ரினஸ் ஏரிகளைக் கால்வாய் வெட்டிக் கடலோடு சேர்த்துத் துறைமுகமாக்கினார். விடுதலை செய்யப்பட்ட 20,000 அடிமைகளைத் துடுப்பு வலிக்கப் பழக்கினார். எதிரிக் கப்பலைக் கொக்கி எறிந்து இழுக்கும் பொறியும் வந்தது. கி.மு. 36இல் சிசிலிக் கரையிலுள்ள நௌலோகஸில் அக்ரிப்பா வென்றார்.

ஆனால் என் மனத்தில் அவர் நின்றது கி.மு. 33ஆம் ஆண்டால். கி.மு. 37லேயே கான்சல் என்ற உச்சப் பதவியில் இருந்தவர், படியிறங்கி ஈடைல் ஆனார். தெரு, சந்தை, குடிநீர், சாக்கடை பார்க்கிற பதவி அது. அரசுக் கருவூலத்தைத் தொடாமல் தெருக்களையும் பொதுக் கட்டடங்களையும் பழுதுபார்த்தார். பாதாளச் சாக்கடையைத் தூர்வாரச் செய்து, அதற்குள்ளேயே படகேறி டைபர் ஆறு வரை போனார். ஒரு தளபதி! நகரத்துக்கு அவர் அமைத்துத் தந்த தண்ணீர்த் தொட்டிகள் 700, ஊற்றுகள் 500 என்று ரோம எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். இந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சுப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

அவரைப் புனிதராக்கச் சொல்லவில்லை. கி.மு. 19இல் ரோமுக்கு ஆக்வா விர்கோ என்ற நீர்வழியைத் திறந்தார். அதே ஆண்டு ஸ்பெயினில் கான்டாப்ரியர் கிளர்ச்சியை அடக்கியபோது, போரிடும் வயதிலிருந்தவர்களை ஏறக்குறைய முழுதாகக் கொன்றார். மிஞ்சியவர்களை மலையிலிருந்து சமவெளிக்கு இறக்கினார். நீர்வழிகளைப் பராமரித்தவர்கள் அவருடைய சொந்த அடிமைகள், பிற்பாடு அவர்கள் 240 பேர் கொண்ட அரசுப் பணிக்குழு ஆனார்கள். இவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆக்டியத்துக்கு அடுத்த ஆண்டு எகிப்து ரோமின் கைக்குப் போனது. அப்புறம் செங்கடல் துறையான மயோஸ் ஹோர்மஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குக் கிளம்பியதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். முசிறி மிளகைப் பற்றிய பாடம் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பதிப்பில் ரோம் பற்றிய பக்கத்துக்கு ட்ரெவி நீரூற்றின் படத்தைப் போடுங்கள். பழுதுபார்த்துப் புதுப்பித்த அந்த ஆக்வா விர்கோதான் இன்றும் அதற்குத் தண்ணீர் தருகிறது. படத்தின் கீழே அக்ரிப்பாவின் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
ரோம வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஒரு வாசகர்