பெர்ஷ் பகுதிச் சிற்றூர் மேயர்களுக்கு: உங்கள் மண்பாதைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. பாரிஸ் புறநகரில் குடியிருப்பவன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மோன்பர்நாஸ் நிலையத்தில் சைக்கிளோடு ரயிலேறி, பாரிஸுக்கு மேற்கே உள்ள உங்கள் பெர்ஷ் பகுதியின் நோஜோன்-லெ-ரொத்ருவில் இறங்கி, இருட்டுவதற்குள் அறுபது எழுபது கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்புகிறவன். கூட இரண்டு நண்பர்கள் வருவார்கள். உங்கள் ஊர் மக்கள் எங்களைப் பார்த்திருப்பார்கள். முழங்கால் வரை சேறு அப்பி, கல்லறைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்று பேர் நாங்கள்தான்.

முதலில் அந்தக் குழாய்க்கு நன்றி. மதியம் பன்னிரண்டரைக்குப் பூட்டுகிற கடை மூன்று மணிக்குத்தான் திறக்கும். காபிக்கடை பல ஊர்களில் இல்லவே இல்லை. கல்லறைப் பூச்செடிகளுக்கு வைத்த குழாய்தான் எங்களுக்குக் கதி. 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதியிருந்தால் தலையில் ஊற்றிக்கொள்வோம்.

பிரியத்தையும் கோபத்தையும் ஒன்றாகச் சொல்ல எனக்குத் தமிழில்தான் வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சில் என் மகள் மாற்றித் தருவாள், அது தபாலில் வரும்.

சரி, கோபம் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். போன அக்டோபரில் ஒரு நாள், ஐ.ஜி.என். என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தில் இரண்டு குக்கிராமங்களுக்கு நடுவே ஒரு பாதையைப் பார்த்துத் தார்ச்சாலையிலிருந்து இறங்கினோம். ஒன்றரை கிலோமீட்டர் தூரம், பக்கத்திலேயே உயிர்வேலி என்று வரைபடம் சொன்னது. இருநூறு மீட்டர் போனதும் பாதை இல்லை. உழுத மண், பெரிய பெரிய கட்டிகள். வேலியும் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம், இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே பாதை மறுபடி தொடங்குவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போரமாகச் சுற்றி நடந்தோம். டிராக்டரில் வந்தவர் கோபிக்கவில்லை. "பாதையா? இருந்தது. யாரும் நடக்கவில்லை, உழுதுவிட்டேன்" என்றார். எப்போது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மனிதர் எங்களுக்கு ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தார்.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற என் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்சில் 'ஷெமென் ரூரால்' என்பது பொதுமக்கள் போய்வர விடப்பட்ட ஊர்ப்பாதை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது கொம்யூனின், அதாவது ஊராட்சியின், தனிச்சொத்துப் பட்டியலில் வருகிறது. கொம்யூனின் தார்ச்சாலையை எவரும் உழுது சொந்தமாக்க முடியாது. ஊர்ப்பாதையை முடியும். முப்பது ஆண்டுகள் தடையில்லாமல் தன் நிலம்போல வைத்திருந்தால் பக்கத்து வயல்காரர் அதற்கு உரிமை கோரலாம். பராமரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் கொம்யூனுக்குக் கிடையாது. ஆக, ஆள் நடக்காத பாதையில் புல் வெட்ட மாட்டார்கள், புல் வெட்டாத பாதையில் முள் ஏறும், முள் ஏறிய பாதையில் ஒருநாள் ஏர் இறங்கும். பொதுப் பயன்பாடு நின்றுபோனால், மக்கள் கருத்து கேட்டுவிட்டு விற்கவும் கொம்யூன் மன்றத்துக்கு வழி உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வயல்களைச் சேர்த்துப் பெரிதாக்கியபோது வேலிகளோடு போன பாதைகள் தனிக்கணக்கு.

இதற்கு மருந்தும் சட்டத்திலேயே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த '3டிஎஸ்' சட்டப்படி, ஊர்ப்பாதைகளைக் கணக்கெடுக்கப்போகிறோம் என்று மன்றம் ஒரு தீர்மானம் போட்டால், அந்த முப்பதாண்டுக் கடிகாரம் அன்றே நிற்கும். அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குள் கணக்கெடுத்து, மக்கள் கருத்தைக் கேட்டு, பட்டியலை இறுதியாக்க வேண்டும். ஒரு மேயரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. அதில் இரண்டைத்தான் கேட்கிறேன். பட்டியலான பாதைகளை மாவட்ட நடைவழித் திட்டத்திலும் சேர்த்துவிட்டால், மாற்றுவழி காட்டாமல் அந்தப் பாதையை யாரும் விற்க முடியாது. இது 1983 முதல் இருக்கிற ஏற்பாடு.

'உங்களுக்குத்தான் வெலோசேனி இருக்கிறதே' என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. பாரிஸிலிருந்து மோன்-சென்-மிஷேல் வரை ஏறக்குறைய 450 கிலோமீட்டர் சைக்கிள் வழி. அதில் கோந்தே-சூர்-உய்னிலிருந்து அலோன்சோன் வரை பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. நல்ல வழி, குழந்தைகளோடு நானும் போயிருக்கிறேன். ஆனால் ரயில் ஊரின் கொல்லைப்புறத்தோடு போய்விடும். ஊர்ப்பாதைதான் ஆலைக்கும், துணி துவைக்கும் துறைக்கும், ஆப்பிள் தோப்புக்கும் கூட்டிக்கொண்டு போகிறது.

நாங்கள் ஓட்டுவது கிராவல் சைக்கிள். தமிழ்நாட்டில் சாலைவேலை பார்த்தவர்களுக்குக் கிராவல் என்றால் லாரியில் வந்து கொட்டுகிற செம்மண் சரளை. இங்கே ஒரு சைக்கிள் வகைக்கே அந்தப் பெயர். பந்தய சைக்கிள்போல வளைந்த ஹேண்டில், 40, 45 மில்லிமீட்டர் டயர், அதில் குறைவான காற்று. உங்கள் பகுதி மண் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்தது. மழை பெய்தால் சக்கரம் சுற்றாது, காய்ந்தால் கல் கத்தியாகி டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். அதைப் பற்றிப் புகாரே இல்லை, அதற்காகத்தான் வருகிறோம். புகாரெல்லாம், குழியை அடைக்கிறேன் என்று சில ஊர்களில் கொட்டுகிற இடித்த வீட்டு மிச்சத்தைப் பற்றித்தான். ஓட்டுச்சில்லு, கம்பித்துண்டு, ஒருமுறை பாதிக் கழிவறைக் கோப்பையே கிடந்தது. அப்புறம் தாரும் வேண்டாம். குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தின் கல்பாவிய பாதைகளை ஒரு காலத்தில் ஊர் ஊராகத் தார் போட்டு மூடினார்கள். மிச்சமிருக்கும் கற்களைப் பெயர்த்துச் சீர்செய்து காப்பாற்ற இன்று 'பாரிஸ்-ரூபே நண்பர்கள்' என்று ஒரு சங்கமே இருக்கிறது. 2024 ஜூலை 7 அன்று துர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் த்ருவா நகரைச் சுற்றி 14 வெள்ளை மண்பாதைகளில் போனது, மொத்தம் 32 கிலோமீட்டர். திராட்சைத் தோட்டக்காரர்கள் தினமும் வண்டி ஓட்டுகிற பாதைகள் அவை. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பந்தயத்தை உங்கள் ஊருக்கும் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. பாதை அழியாமல் இருந்ததால்தானே வந்தார்கள்?

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். செயலியில் யாரோ போட்ட தடத்தை நம்பி ஒருவர் வீட்டு முற்றத்துக்குள்ளேயே நுழைந்திருக்கிறோம், நாய் துரத்தியது. வயல்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற தனிவழியும் ஊர்ப்பாதையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 2023 பிப்ரவரிச் சட்டத்தின்படி, தனியார் இடம் என்று அடையாளம் வைத்த காட்டிலோ நிலத்திலோ நுழைந்தால் 135 யூரோ அபராதம். நியாயம்தான். தனியாருடையதைப் பலகை வைத்துச் சொல்கிறார்கள். பொதுவானதையும் அப்படிச் சொன்னால் என்ன? பாதையின் இரு முனையிலும் ஒரு மரக்கட்டை, அதில் பாதையின் பெயர், அவ்வளவுதான். ஆலைப்பாதை, கழுதைப்பாதை, பூசைக்குப் போகும் பாதை என்று பழைய நிலப்பதிவேட்டில் தூங்குகிற பெயர்கள் எவ்வளவு அழகு! வேட்டைக் காலத்தில் எந்தச் சனிக்கிழமை எந்தப் பாதை வேண்டாம் என்று அந்தக் கட்டையிலேயே ஒரு தாளையும் ஒட்டலாம். நாங்கள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறோம், ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

கணக்கெடுக்க ஆள் இல்லை என்பீர்கள். இருநூறு பேர் வசிக்கும் ஊரில் ஒரே ஒரு செயலர், அவரும் மூன்று ஊருக்குப் பொது என்பது எனக்குத் தெரியும். எங்கள் மூவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது முள்ளில் அடைபட்டது, எது உழப்பட்டது என்று தேதியும் படமும் சேர்த்து எழுதியிருக்கிறோம். அதை அப்படியே தருகிறோம். மிச்சத்தை நடந்து பார்க்கவும் சனிக்கிழமைகளைத் தரத் தயார். மேரி, அதாவது உங்கள் மேயர் அலுவலகம், எப்போது திறந்திருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். போன முறை வந்தபோது செவ்வாயும் வெள்ளியும் மட்டும் என்று கதவில் ஒட்டியிருந்தது.

இப்படிக்கு,
கல்லறைக் குழாயடியில் நிற்கும் மூவரில் ஒருவன்