கன்னே போரை வரைகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழங்காலப் போர்களைத் தமிழில் காணொளியாகவும் படக்கதையாகவும் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் யானைகளை அழகாகத்தான் வரைகிறீர்கள். என் கண்ணை உறுத்துவது அவர் படையில் வந்த இபேரியர்கள், அதாவது அன்றைய ஸ்பெயின் பக்கத்து மக்கள். ரோமானியர்கள் கோடு கிழித்தாற்போல் நிற்பார்கள். எதிரே இபேரியர்கள் தலைவிரி கோலமாக, ஆளுக்கொரு திசையில் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். எல்லார் கையிலும் ஒரே மாதிரி குட்டிக் கேடயம், ஒரே மாதிரி வளைந்த வாள்.

கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் நடந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். ஹானிபல் இபேரியர் அணி, கெல்ட் (வட இத்தாலி, பிரான்ஸ் பக்கத்து மக்கள்) அணி என்று மாற்றி மாற்றி நடுவில் நிறுத்தி, அந்த வரிசையைப் பிறை போல எதிரியை நோக்கி வளைத்தார். இபேரியர்கள் உடுத்தியிருந்தது ஊதாக் கரை வைத்த வெள்ளை லினன் அங்கி. இரு கூட்டத்தாருக்கும் கேடயம் ஏறக்குறைய ஒன்றுதான், வாள்தான் வேறு. கெல்ட் வாள் வெட்ட மட்டும் உதவும், இபேரியர் வாள் வெட்டவும் செய்யும், குத்தவும் செய்யும். இந்த நடுவரிசைதான் ரோமானியரின் நெருக்குதலில் உள்வாங்கி, துரத்தி வந்தவர்களை இரு பக்கமும் காத்திருந்த ஆப்பிரிக்கப் படைக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற கும்பலை நம்பி எந்தத் தளபதி இப்படி ஒரு திட்டம் போடுவான்?

கெல்ட் கேடயத்தைப் போன்றது என்றால் அது நீள்வட்டக் கேடயம். தோளிலிருந்து முழங்கால் வரை மறைக்கும். தெற்கு ஸ்பெயினின் ஓசுனாவில் 1903இல் கிடைத்த கற்சிற்பங்களில் ஒரு வீரன் இதைப் பிடித்துக்கொண்டு, வளைந்த வாளோடு நிற்கிறான். (அந்த வாளை ஃபல்காட்டா என்கிறோமே, அந்தப் பெயரே 19ஆம் நூற்றாண்டில் ஒட்டியது.)

சரி, குட்டிக் கேடயம்? அதுவும் உண்மைதான். அதன் பெயர் கைத்ரா. வட்டமானது, நடுவில் உலோகக் குமிழ், அதன் பின்னால் கைப்பிடி. தோல்வாரில் தோளில் மாட்டிக்கொள்ளலாம். காசில்லாதவன் கேடயம் என்று நினைத்துவிட வேண்டாம். கிழக்கு ஸ்பெயினின் மொய்ஷென்ட் ஊரருகே 1931இல் கிடைத்த சின்ன வெண்கலக் குதிரைவீரன் கையில் இருப்பதும் இதுதான். மேற்கே, இன்றைய போர்ச்சுகல் பக்கம் வாழ்ந்த லூசித்தானியர்கள் தசைநார்களைப் பின்னியே சிறு கேடயம் செய்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ். பின்னிய கீற்றுக்கும் கேடயத்துக்கும் கிடுகு என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. இதைத் தமிழில் சொல்ல வேறு சொல் தேட வேண்டாம். கி.மு. 218இல் ஹானிபலின் படை பிரான்சின் ரோன் ஆற்றைக் கடந்தபோது இபேரியர்கள் துணிகளைத் தோல்பைகளில் திணித்து, மேலே கைத்ராவை வைத்து, அதன்மேல் படுத்து நீந்திப் போனதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இதை ஏன் இன்னும் யாரும் வரையவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் வியூகம். கி.மு. 180இல் ரோமானியத் தளபதி ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸின் படையை, ஸ்பெயினின் உட்பகுதியில் வாழ்ந்த கெல்டிபேரியர்கள் ஒரு மலைக்கணவாயில் மறித்தபோது, ஆப்பு போலக் கூர்முனையாகத் திரண்டு ரோமானிய வரிசைக்குள் இறங்கினார்கள். இந்த வகைச் சண்டையில் அவர்கள் பலசாலிகள் என்று லிவியே ஒப்புக்கொள்கிறார். அந்த ஆப்பை உடைக்க ரோமானியர்கள் குதிரைகளின் கடிவாளத்தைக் கழற்றிவிட்டுப் பாய வேண்டியிருந்தது.

நீங்கள் வரையும் கும்பல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. கி.மு. 49இல் ரோமானியரின் உள்நாட்டுப் போரில், ஸ்பெயினின் இலெர்டாவில், வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் பாய்ந்து தாக்கி, நெருக்கினால் கூசாமல் பின்வாங்கும் சண்டைமுறையைக் கண்டு தன் ஆட்கள் தடுமாறினார்கள் என்று சீசர் எழுதுகிறார். ஆனால் அப்படிச் சண்டையிட்டவர்கள், சீசரை எதிர்த்த தளபதி அஃப்ரானியஸின் ரோமானியப் படைவீரர்கள்! லூசித்தானியரோடு மோதி மோதி அவர்களிடமே கற்றுக்கொண்டது. அதை 167 ஆண்டு பின்னுக்குத் தள்ளி, வேறொரு மக்களின் தலையில் கட்டுவது நியாயமா?

பழைய படங்களை அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை கன்னேயை வரையும்போது நடுவில் நீள்வட்டக் கேடயங்களை வரிசையாக நிறுத்துங்கள். வெள்ளை அங்கியில் அந்த ஊதாக் கரையையும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஒருவன்