வலியைப் பற்றியும் கேளுங்கள்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். வயிற்றுவலியும் மலச்சிக்கலும் சேர்ந்து வாட்டும் குடல் எரிச்சல் நோயுடன், அதாவது ஐபிஎஸ்-சி என்று நீங்கள் குறிப்பிடும் நோயுடன், ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். அதில் முதல் நான்கு ஆண்டுகள் என் நோய்க்குப் பெயரே சொல்லப்படவில்லை. ஸ்கேன் முடிவைப் பார்த்த ஒவ்வொருவரும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார்கள்.

அந்த நான்கு ஆண்டுகளும் என் மருந்துச்சீட்டில் மாறாமல் இருந்தவை இரண்டு: வலிக்கு டைசைக்ளோமின் மாத்திரை, மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் சிரப். முன்னது குடலின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைத் தணிக்கும். ஆனால் அதே செயலால் குடலசைவு குறைந்து மலச்சிக்கல் கூடவும் செய்யும். பின்னது பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும். காலையில் ஒரு மூடி சிரப் குடித்துவிட்டு வேலைக்குப் போனால், மாலை நான்கு மணிக்குள் வயிறு உப்பி, சுடிதார் நாடாவைத் தளர்த்திக்கொண்டு மேசையில் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பேன். ஒரு மருந்தின் விளைவை இன்னொன்று மோசமாக்கிக்கொண்டிருந்ததை நான் அறியவில்லை. ஐபிஎஸ் நோயாளிகள் லாக்டுலோஸைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2008ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருப்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

உங்களிடம் நான் கேட்பது, மலம் கழிகிறதா என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான். வெறும் மலச்சிக்கலிலிருந்து இந்நோயைப் பிரித்துக் காட்டுவது வலி. கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சராசரியாக ஒரு நாளாவது வலி வந்ததா, மலம் கழிப்பதோடு அது கூடுகிறதா குறைகிறதா, மலத்தின் தன்மையோ எண்ணிக்கையோ மாறியதா என்று, இந்நோயைக் கண்டறியப் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த ரோம் 4 வரையறை கேட்கச் சொல்லும் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். மலத்தின் வடிவங்களை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணையின் ஏழு படங்களைக் காட்டினால், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பெண்கள்கூட விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள்; நான் அப்படித்தான், கெட்டியான சிறு உருண்டைகளைக் காட்டும் முதல் படத்தைத் தொட்டேன். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மேல்பரிசோதனை கட்டாயம் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

"நார்ச்சத்து சாப்பிடுங்கள்" என்ற அறிவுரையையும் சற்று விரித்துச் சொல்லுங்கள். கோதுமைத் தவிடு எங்களில் பலருக்கு வலியையும் உப்புசத்தையும் கூட்டிவிடுகிறது. நீரில் கரையும் நார்ச்சத்தான இசப்கோலைச் சிறிய அளவில் தொடங்கி, போதிய தண்ணீருடன் மெல்ல மெல்லக் கூட்டினால் தாங்க முடிகிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கி மலத்தை இளக்கினாலும் வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. வலி, மலச்சிக்கல் இரண்டையும் சேர்த்துக் குறைக்கும் லினாக்ளோடைடுக்கு அமெரிக்கா 2012ஆம் ஆண்டே அனுமதி அளித்தது. இப்படியும் மருந்து உண்டு என்ற செய்தியே நம்பிக்கையிழந்த ஒருவருக்குப் பெரும் ஆறுதல். முக்கி முக்கியும் மலம் வெளியேறாதவர்களுக்கு இடுப்புத்தளத் தசைகள் தளர்வதற்குப் பதில் இறுகுகின்றனவா என்பதையும் சோதியுங்கள்; அதற்கு மாத்திரையைவிடத் தசைப்பயிற்சியே உதவும்.

பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருக்கும் நாளில், "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக, "உங்களுக்கு இருப்பது ஐபிஎஸ், இதற்குச் சிகிச்சை உண்டு" என்று சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டில் ஒரு மருத்துவர் என்னிடம் அப்படிச் சொன்னார். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நன்றியுடன்,
ஒரு நோயாளி