கயலுக்கு, அந்த மூன்று கோடுகள் பற்றி

அன்புள்ள கயல்,

நீங்கள் மூன்று பேரும் போகப்போகிற மூன்று நாள் மலை நடைக்கு வழி கேட்டு நீ அனுப்பிய மேப் வந்தது. சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கோடுகள். சிவப்புக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறாய். கீழே, "எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க மாமா, விளக்கம் வேண்டாம்" என்று ஒரு வரி வேறு. விளக்கம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். கூட வரும் சிநேகிதிகள் இரண்டு பேரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

அந்த மலையை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அதனால் அங்கே எந்த இடம் அழகு என்ற பேச்சுக்கே நான் வரப்போவதில்லை. தெரியாத மலையில் வழி தேடும்போது நான் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் நாள் மதியம் மூன்று மணி. மூன்று பேரில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. இப்போது எந்தப் பக்கம் இறங்குவீர்கள், எவ்வளவு நேரமாகும்? இதற்கு மேப்பில் விரல் வைத்துப் பதில் சொல்ல முடிகிற வழிதான் எனக்கு நல்ல வழி.

சிவப்பை எடுத்துக்கொள்வோம். 44 கிலோமீட்டர், இரண்டு கணவாய், மூன்று நாள் சுற்றுவழி. இரண்டாம் நாள் மட்டும் 18 கிலோமீட்டர் நடை, 1,400 மீட்டர் ஏற்றம், 1,300 மீட்டர் இறக்கம். "ஆறு மணி நேரம்தான் மாமா" என்கிறாய். ஆப் அப்படித்தான் சொல்லியிருக்கும். அது எப்படிச் சொல்கிறது தெரியுமா? பல ஆப்களின் கணக்குக்கு அடியில் இருப்பது, வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் எழுதிவைத்த ஒரு விதி. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். உன் 18 கிலோமீட்டருக்கு 3 மணி 36 நிமிடம், 1,400 மீட்டருக்கு 2 மணி 20 நிமிடம். ஆக, ஆறு மணிக்கு நாலு நிமிடம் குறைவு.

ஆனால் அது நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடக்கிற கணக்கு. செங்குத்தான இறக்கத்தில் நடை வேகம் கூடாது, குறையும். எரிக் லாங்மியூர் என்பவர் பிற்பாடு சேர்த்த திருத்தப்படி அப்படிப்பட்ட இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். 1,300 மீட்டருக்கு முக்கால் மணி ஆகிறது. அதற்கு மேல் முதுகில் சுமை, சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, வழி தவறிப் பத்து நிமிடம் திரும்பி வருவது. புது மலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தில் பாதியைக் கூட்டிவிடுவேன். இது என் அனுபவக் கணக்கு, விதி ஒன்றும் கிடையாது. அப்படிப் பார்த்தால் உன் ஆறு மணி நேரம் பத்து மணி நேரமாகிறது. காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை ஐந்து. இரண்டாவது கணவாய் பதினைந்தாவது கிலோமீட்டரில் இருக்கிறது. மலையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கூடும். நீங்கள் மொட்டை முகட்டில் நிற்கப்போகிற நேரமும் அதுதான்.

அதோடு, ஆப் சொல்கிற ஏற்றத்தையும் அப்படியே நம்பாதே. ஒரே வழியை இரண்டு ஆப்பில் போட்டுப் பார், இரண்டு எண் வரும். சின்னச் சின்ன மேடு பள்ளத்தை ஒன்று கூட்டும், இன்னொன்று விட்டுவிடும். அதனால் நீயே எண்ணு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற அந்தப் பழுப்புக் கோடுகளை, அதாவது சம உயரக் கோடுகளை, பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்திருப்பாய். இப்போது ஒரு குண்டூசியை எடு. மேப்பைப் பெரிதாக அச்சிட்டு வைத்து, வழி வெட்டுகிற ஒவ்வொரு பழுப்புக் கோட்டிலும் ஊசிமுனையை வைத்து எண்ணிக்கொண்டே போ. உன் மேப்பில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம், ஐந்தாவது கோடு தடிப்பாக இருக்கும். எண்ணும்போதே கை ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். சில இடத்தில் ஊசி தாராளமாக அடி வைக்கும், சில இடத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஊசி நுழையாது. 1:50,000 அளவு மேப்பில், அதாவது ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை கிலோமீட்டராக இருக்கிற மேப்பில், இரண்டு கோடுகளுக்கு இடையே 0.7 மில்லிமீட்டர் கூட இல்லையென்றால் அங்கே சரிவு சுமார் 30 பாகைக்கு மேல். பனி கிடக்கிற மாதமாக இருந்தால் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில்தான் பனிச்சரிவு அதிகம் நடக்கிறது, அந்தப் பக்கமே போகாதே.

இன்னொரு ரகசியம். 20 மீட்டர் இடைவெளி உள்ள மேப்பில், பதினைந்து மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் தடயமே இல்லாமல் ஒளிந்துகொள்ளலாம். "பாதைதான் இல்லை, சரிவு சுமாராகத்தானே இருக்கிறது, குறுக்கே இறங்கிவிடலாம்" என்று தோன்றுகிற இடத்தில் இதை நினைத்துக்கொள்.

சரி, இப்போது ஓடைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு நண்பனும் இப்படித்தான் ஒரு சுற்றுவழியில் போனோம். எங்களுக்கும் அது புது மலை. போய்வந்த ஒருவர் எழுதிய குறிப்பைத் தாளில் எடுத்து வைத்திருந்தோம். "ஓடையைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம்" என்று அதில் இருந்தது. மேப்பிலும் மெல்லிய நீலக் கோடுதான். காலையில் 900 மீட்டர் ஏறி ஒரு கணவாயைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, மதியம் மூன்றரைக்கு அந்த ஓடைக்கு வந்தோம். பார்ப்பதற்கு முன்னால் சத்தம்தான் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ மூட்டையில் கல்லைப் போட்டு உருட்டுவது போல. ஓடையின் அடியில் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. தண்ணீர் சாம்பல் நிறம். கைத்தடியை விட்டுப் பார்த்தேன், தொடை ஆழம் வரை போனது, தடியைப் பிடித்திருந்த கையே நடுங்கியது. கால் வைத்துத் தாண்டுவதற்கு ஒரு கல்லும் கண்ணில் படவில்லை.

மேலே பனி உருகி வருகிற ஓடை அது. வெயில் ஏற ஏறப் பனி உருகும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர மதியம், சாயங்காலம் ஆகும். ராத்திரி குளிரில் உருகுவது குறைந்து, விடியற்காலையில் ஓடை இளைத்துவிடும். குறிப்பு எழுதியவர் காலையில் தாண்டியிருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, மணி எத்தனை என்று எழுதாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

திரும்பிப் போவதென்றால் அந்தக் கணவாயை மறுபடி ஏற வேண்டும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கரைக்கு மேலே கொஞ்சம் தள்ளி டென்ட் போட்டோம். தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை அடையாளம் வைத்தேன். ஆறு மணிக்குப் பார்த்தால் கல்லைக் காணோம். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போனபோது கல் இருந்தது, தண்ணீர் அதைவிட்டு ஒரு முழம் விலகியிருந்தது. நடுவில் வரிசையாகப் படிக்கல் மாதிரி பாறைகள், அவற்றின் மேல் கண்ணாடி போல மெல்லிய பனிக்கட்டி. கல்லில் கால் வைக்கப் பயந்து, தண்ணீரிலேயே கணுக்கால் அளவில் நடந்து தாண்டினோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முந்தின நாள் ராத்திரி வந்துசேர்வோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. உன் அம்மாவிடம் கேட்டுப் பார், இன்றைக்கும் அக்கா அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள்.

உன் சிவப்புக் கோடு இரண்டாம் நாள் இப்படி மூன்று ஓடைகளின் நீலக் கோடுகளை வெட்டுகிறது. மூன்றும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

போய்வந்தவர்களின் குறிப்புகளைப் படி, படிக்காதே என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் மாதத்தைப் பார், அப்புறம் மணியைப் பார், அப்புறம் எழுதியவர் யார் என்று பார். தினமும் மலையில் ஓடுகிறவருக்கு "சுலபம்" என்றால் ஒன்று, நமக்கு வேறு. வழி எவ்வளவு கடினம் என்று சொல்கிற எண்களும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தில் டி1 முதல் டி6 வரை, அமெரிக்காவில் வகுப்பு 1 முதல் 5 வரை. டி4 என்றால் சில இடத்தில் கையையும் ஊன்ற வேண்டும். அமெரிக்க அளவில் வகுப்பு 3-லேயே கை தேவைப்படும். எந்த ஊர் அளவுகோல் என்று தெரியாமல் "மூணுதானே" என்று கிளம்பாதே. ஆப்பில் தெரிகிற புள்ளிக்கோட்டுப் பாதைகளும் பல ஆப்களில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகின்றன. அதில் யார் வேண்டுமானாலும் வரையலாம். அகலமான பாதையும், ஆடு போன தடமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடு.

உயரம் பற்றியும் கொஞ்சம். குறுகிய பயணம் என்பதால் சுலபம் என்று நினைக்கிறாய். ஒரு விஷயத்தில் அது தலைகீழ். பத்து நாள் போகிறவர்களுக்கு உடம்பு பழக நேரம் இருக்கும், மூன்று நாளில் அது கிடைக்காது. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் வரலாம். ஏறினவுடனே வராது, பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் ராத்திரி டென்ட்டில் வரும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்குகிற இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்கிற அளவு. சிவப்பு வழியில் நீங்கள் தரையிலிருந்து வந்து முதல் ராத்திரியே 3,250 மீட்டரில் தூங்குகிறீர்கள். யாருக்காவது முடியவில்லை என்றால் இறங்குவதுதான் மருந்து. இருட்டில் எங்கே இறங்குவது?

நீலத்தை விட்டுவிடலாம். ஒரு ஊரில் தொடங்கி வேறு ஊரில் முடிகிறது, அந்தப் பக்கத்தில் வண்டி கிடைக்குமா என்ற கவலை மூன்று நாளும் கூடவே நடக்கும். அப்படிப்பட்ட வழியில் போவதென்றால் முடிகிற இடத்தில் முதலிலேயே வண்டியை விட்டுவிட்டுத் தொடங்குகிற இடத்துக்கு வர வேண்டும். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

பச்சைக்கு நீ ஒரு நட்சத்திரம் கூடப் போடவில்லை. "போன வழியே திரும்புவது போர்" என்று எழுதியிருக்கிறாய். நானும் உன் வயதில் அப்படித்தான் சொன்னேன். 1,800 மீட்டரில் தொடங்கி 11 கிலோமீட்டர் நடந்து 2,780 மீட்டரில் ஏரி. என் கணக்கில் ஐந்தே முக்கால் மணி நேரம், மதியத்துக்குள் டென்ட் போட்டுவிடலாம். இரண்டாம் நாள் டென்ட்டையும் பாதிச் சுமையையும் ஏரியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர், மழைச்சட்டை, கம்பளி, ஹெட்லாம்ப், கொஞ்சம் தீனியோடு கணவாய்க்குப் போய் வாருங்கள். சிவப்புக் கோட்டின் முதல் கணவாய் இதேதான். நீ நட்சத்திரம் போட்ட அதே காட்சி, ஆனால் பை முக்கால்வாசி காலி. வானம் கெட்டால் எந்த இடத்திலிருந்தும் திரும்பலாம், திரும்புகிற வழி ஏற்கெனவே நடந்த வழி. எந்த ஓடை எங்கே, எந்தத் திருப்பத்தில் கல் வழுக்கும் என்று காலுக்கே தெரியும். காலையில் போனபோது நிழலில் கிடந்த சரிவு மாலையில் வெயிலில் வேறு மாதிரி இருக்கும், போர் அடிக்காது.

கம்பளியை விடாதே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே 22 டிகிரி என்றால் கணவாயில் பதினொன்று, பன்னிரண்டுதான், காற்றடித்தால் அதைவிடக் குறைவாகத் தோன்றும். குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் தீரும், அதனால் மேப் தாளிலும் ஒன்று இருக்கட்டும்.

திரும்பும் நேரத்தை வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்து மேப்பின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பகல் பன்னிரண்டு என்று எழுதினால் பன்னிரண்டு. "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று மூன்று பேரில் ஒருத்தி கட்டாயம் சொல்வாள். அது நீயாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். அந்த மேப்பின் ஒரு பிரதி, எந்த ராத்திரி எங்கே, எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற விவரத்தோடு உன் அம்மா கையில் இருக்க வேண்டும். நான் ஓடைக்கரையில் படுத்திருந்த ராத்திரி அவளிடம் அப்படி ஒரு தாள் இல்லை.

இன்றைக்கு ராத்திரி குண்டூசியை எடுத்துக்கொண்டு உட்கார். ஏரியிலிருந்து கணவாய் வரை பச்சைக் கோட்டில் எத்தனை பழுப்புக் கோடு என்று எண்ணிச் சொல். எனக்கு முதல் தடவை 31 வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினால் 32.

அன்புடன்,
மாமா