துவரம்பருப்பு வேகாத மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான எல்லோருக்கும்,

பாதி கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சனிக்கிழமை சாமான் வண்டி வருகிறது. கொடைக்கானலுக்கு வெளியே, ஊரிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்தக் கிறிஸ்தவ முகாம் வளாகத்தில், சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள தகரக்கூரை வீட்டில், ஏழு வருடம் குடியிருந்தோம். 2017 ஜூனில் ஏறினோம், 2024 ஜூனில் இறங்குகிறோம். என் மாமியாருக்கு ஜனவரியில் பக்கவாதம் வந்தது. பாளையங்கோட்டையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காரணம் அவ்வளவுதான்; யாருடனும் மனஸ்தாபம் இல்லை. பல பேர் கேட்டுவிட்டதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

முகாம் முடிகிற அன்று மதியம், யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து நன்றியுரை சொல்வார். செய்தி கொடுத்த ஐயருக்கு (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), பாட்டுக் குழுவுக்கு, கமிட்டிக்கு, பஸ் ஏற்பாடு செய்த அண்ணனுக்கு என்று வரிசையாகப் போகும். கடைசியில், எல்லோரும் பையைத் தேட ஆரம்பித்த பிறகு, "சமையலறையில் உதவியவர்களுக்கும்" என்று ஒரு மூச்சு. அந்தக் கடைசி மூச்சுக்குள் இருந்த குடும்பம் நாங்கள். எங்களுக்கும் அப்படி ஒரு கடைசி மூச்சு ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த மடல். பெயர் எதுவும் போடவில்லை. "ஊழியத்துல பேர் எதுக்கும்மா?" என்று சமையல் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரைப் போட எனக்கு மனசில்லை.

அவரிடமிருந்தே தொடங்குகிறேன். என் கணவரை மேனேஜர் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். இங்கே மேனேஜர் என்றால் விடிகாலை நாலு மணிக்கு விறகு பாய்லரைப் பற்றவைக்கிறவர், வெடித்த குழாயை மாற்றுகிறவர், ராத்திரி பதினொன்றரைக்கு டார்மிட்டரிக் கதவைத் தட்டி, "தம்பிமார்களே, தூங்குங்க" என்று சொல்கிறவர். "தம்பி, வெந்நீர் வரலையே" என்ற வாக்கியத்தை அவர் கேட்ட அளவுக்கு இந்த வளாகத்தில் ஆமென் சத்தம்கூடக் கேட்டிருக்காது. எனக்குக் கணக்கு, புக்கிங், கம்பளி எண்ணுவது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை.

வந்த இரண்டாவது வாரம் சமையல் அண்ணன் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஒரு சபையிலிருந்து அறுபது பேர் வந்திருந்தார்கள். நான் பெரிய வீட்டில் வளர்ந்தவள், சாம்பார் வைக்கத் தெரியாதா என்ற தைரியத்தில் அண்டாவில் பருப்பைப் போட்டேன். கொதிக்கிறது, கொதிக்கிறது, ஆனால் வேகவே இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்தும் துவரம்பருப்பு கையில் உருண்டது. பழைய பருப்பைத் தந்துவிட்டார் என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். அன்றைக்கு அறுபது பேரும் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார்கள். சாப்பாட்டு ஜெபம் செய்தவர், "கிடைத்த ஆகாரத்துக்காக" என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னது போல எனக்குப் பட்டது.

அண்ணன் திரும்பி வந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம் இது. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நூறு டிகிரி வரைக்கும் போவதே இல்லை. எவ்வளவு நெருப்பு வைத்தாலும் ஆவிதான் பறக்குமே தவிர, சூடு அதற்கு மேல் ஏறாது. டிகிரிக் கணக்கு என் கணவர் சொன்னது. அண்ணனுக்கு அது தெரியாது. "மலைத் தண்ணிக்குக் கோவம் பத்தாதும்மா" என்றார். முந்தின ராத்திரியே பருப்பை ஊறப்போடுவது, பெரிய குக்கரில் மட்டுமே வேகவைப்பது, குளிரில் பசி அதிகம் என்பதால் 120 பேருக்குப் பதினைந்து கிலோ அரிசி போடுவது, கடைசிப் பந்தியில் உட்காரும் டிரைவர்களுக்குக் கறித்துண்டு எடுத்துவைப்பது எல்லாம் அவரிடம் கற்றதுதான். ஒரு தடவைகூட என் சமையல் தப்பை அவர் கமிட்டியில் சொன்னதில்லை. அண்ணே, உங்களுக்கு முதல் நன்றி.

அடுத்து, கஜா புயலில் இங்கே மாட்டிக்கொண்ட முப்பத்தெட்டு அம்மாமார்களுக்கு. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல், திண்டுக்கல் மாவட்டத்துக்குள் புகுந்து மலை வரைக்கும் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. கடற்கரைக்காரர்களுக்குத்தான் புயல், நமக்கு மழை என்று இருந்துவிட்டோம். காற்று வந்தபோது தைலமரங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்தன. சாலை எங்கும் மரம், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ரிட்ரீட்டுக்கு வந்திருந்த அந்த அம்மாமார்கள் வெள்ளிக்கிழமை மதியம் கிளம்ப வேண்டியவர்கள், திங்கட்கிழமைதான் கிளம்ப முடிந்தது. எனக்கு அப்போது ஆறு மாதம்.

நான் பயந்தது அவர்கள் கோபப்படுவார்களே என்றுதான். சனிக்கிழமை காலை சமையல்கட்டுக்குப் போனால் எனக்கு நிற்க இடமில்லை. ஒரு பாட்டி அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேர் ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கிறார்கள், ஐயரம்மா பாத்திரம் தேய்க்கிறார். "வயித்துப்பிள்ளக்காரி, நீ போயிப் படு" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ராத்திரி முழுக்கக் கீர்த்தனை பாடினார்கள், இருந்த காய்கறியைக் கணக்குப் பார்த்து மூன்று நாள் ஓட்டினார்கள். போகும்போது தங்கின நாளைக்கெல்லாம் சேர்த்துக் காணிக்கை வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கிராமத்து ஆட்கள் மரம் அறுக்கும் மெஷினோடு வந்து, யாரும் கூப்பிடாமலே, எங்கள் வளாகத்துப் பாதையைத் திறந்துவிட்டார்கள். அவர்களில் யாரும் எங்கள் ஆராதனைக்கு வருகிறவர்கள் இல்லை. கூலி என்று என் கணவர் நீட்டியதை வாங்காமல், டீ மட்டும் குடித்தார்கள்.

மகன் பிறந்த ராத்திரியை எழுதாமல் விட்டால் ஜீப் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டார். ஒன்பதாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பையன் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான். 2019 பிப்ரவரி, ராத்திரி ஒரு மணி, முன்னால் போகும் மாட்டின் வால்கூடத் தெரியாத பனிமூட்டம். மாடு என்று சும்மா சொல்லவில்லை. பாதி வழியில் காட்டுமாடு ஒன்று ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டது. ஹாரன் அடித்தால் பாயும். ஜீப் அண்ணன் என்ஜினை அணைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு, "மக்கா, கொஞ்சம் பொறு" என்றார். யாரிடம் சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. வயிற்றுக்குள் இருந்தவனிடம்தான் என்பது என் கட்சி. இருபது நிமிடம். பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது கிராமத்து நர்ஸம்மா. டியூட்டி முடிந்து தூங்கப் போனவர், என் கணவர் கதவைத் தட்டியதும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் பிள்ளை பிறந்தான். விடிந்ததும் நர்ஸம்மா பஸ் ஏறி வேலைக்குப் போனார்.

இந்த இடத்தில் மனசில் கிடக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இந்த மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, உயிர் பிழைக்க மேலே வந்தவர்கள் அவர்கள். மோட்டார் ரோடு வரும்வரை பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். அம்மாமார்களையும் நோயாளிகளையும் நாற்காலியில் வைத்து உள்ளூர் ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். ஏறியவர்களின் பெயர் கல்லறைக் கல்லில் இருக்கிறது, புத்தகத்தில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. நர்ஸம்மா அன்று பஸ் ஏறிப் போனதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தோள்கள்தான் நினைவுக்கு வந்தன.

2020 பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் ஏப்ரல், மே இரண்டு மாத முகாம்களும் ஒரே வாரத்தில் ரத்தாயின. முகாமுக்கு அந்த இரண்டு மாத வருமானம்தான் வருடம் முழுக்கச் சோறு. சம்பளம் பாதியானது, அப்புறம் சில மாதம் அதுவும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் மேல் எங்களுக்குக் குறையில்லை, அவர்களுக்கும் முடை. ஆனால், "வச்சுக்கோங்கம்மா, அடுத்த வருசம் வருவோம்ல" என்று சொன்ன மூன்று சபைகளை மறக்கமாட்டோம். மேல்மலையிலிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும் வண்டி கிடைக்காமல் தோட்டத்திலேயே அழுகிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு விவசாயக் குடும்பம் வாரம் ஒரு சாக்குமூட்டையை எங்கள் கேட்டில் இறக்கிவிட்டுப் போனது. ஐந்து மாதம் முட்டைக்கோஸ் தின்றோம். இப்போதும் முட்டைக்கோஸ் பொரியல் என்றால் மகள் தட்டைத் தள்ளிவிடுகிறாள். அதற்காக அந்தக் குடும்பம் எங்களை மன்னிக்க வேண்டும்.

என் அப்பா அம்மாவுக்கு. தாமிரபரணிக் கரையிலிருந்து மலைக்கு வந்தவளுக்கு மீன் இல்லாமல் எப்படி இருக்கும் என்று நினைத்து, தெற்கிலிருந்து யார் முகாமுக்கு வந்தாலும் அவர்கள் கையில் ஒரு பொட்டலம் கருவாடு, உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம். பஸ்ஸில் பத்து மணி நேரம் அந்த வாசனையோடு உட்கார்ந்து வந்த முகம் தெரியாத வாலிபர்களே, உங்களுக்கும் நன்றி. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து, இன்னும் எண்பது கிலோமீட்டர் என்று கேட்டதும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த அந்தத் தம்பிக்கும்.

ஊர் அசனத்தில், அதாவது சபை விருந்தில், ஆயிரம் பேருக்குப் பொங்குகிற என் தாய்மாமா, மே மாதம் சமையலுக்கு ஆள் கிடைக்காதபோதெல்லாம் தன் கரண்டியோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். துவரம்பருப்பு விஷயத்தில் மட்டும் அவருக்கும் சமையல் அண்ணனுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பிள்ளைகளைப் பற்றி. முகாமில் வளரும் பிள்ளைக்கு வாரம் தவறாமல் எண்பது மாமா, நாற்பது அக்கா. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். மகள் மூன்று வயது வரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அழுதாள். நாலு வயதில் அழுவதை நிறுத்திவிட்டு, "அப்பா, நம்ம கேம்ப் எப்ப முடியும்? நம்ம எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டாள். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் டார்மிட்டரி கூட்டும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. அன்று சாயங்காலம் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தன் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டார். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் போனதும் அவள் அங்கேதான். போகாமல் இருக்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்று அவளுக்குக் காட்டியது அந்த வீடு. அக்கா, இதற்கு நன்றி என்ற சொல் போதாது. தெரிந்தும் அதைத்தான் எழுதுகிறேன்.

மகன் வேறு மாதிரி. எல்லா ஊர்க்காரர்களிடமும் பேசிப்பேசி, "ஏனுங்க மக்கா, என்னலே பண்றீங்க?" என்று ஒரே வாக்கியத்தில் மூன்று ஜில்லாவைச் சுற்றி வருவான். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு முன்கூட்டியே என் அனுதாபம்.

இந்த மே மாதம் 7-ம் தேதியிலிருந்து மலைக்கு வர இ-பாஸ் என்றதும் முகாம்காரர்கள் போன்மேல் போன் போட்டார்கள். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எல்லோருக்கும் பதிந்து கொடுத்த பிரவுசிங் சென்டர் தம்பிக்கும் ஒரு வணக்கம்.

கமிட்டியிலுள்ள பெரியவர்களுக்கு, சபைகளுக்கு, ஜெபித்தவர்களுக்கு நன்றியை ஞாயிற்றுக்கிழமை பிரிவுபசார ஆராதனையில் என் கணவர் மைக்கில் சொல்லுவார். அது அவர் பாடு.

புதிதாக வருகிற தம்பியும் அவர் மனைவியும் கைக்குழந்தையோடு திங்கட்கிழமை வருகிறார்கள். பெரிய குக்கரின் வாஷரை மாற்றிவைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. விட்டுப்போன சாமான் பெட்டியைத் திறந்து அடுக்கிவிட்டேன். ஒற்றைக் காலுறை முப்பத்தொன்று, பல் துலக்கும் பிரஷ் எண்ணவில்லை, வேதாகமம் ஆறு, மூக்குக்கண்ணாடி மூன்று, "அன்பு மகளுக்கு அப்பா" என்று எழுதிய கைக்கடிகாரம் ஒன்று. கடிகாரம் இன்னும் ஓடுகிறது. யாருடையது என்றாலும் முகாம் அலுவலக நம்பருக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமை வரை நான் இருப்பேன். அப்புறம் டார்மிட்டரி அக்காவிடம் இருக்கும்.